கன்னிக்கு எடுத்த பாவாடை

துணி சூடாக இருந்தது.

அட்டையில் வெட்டிச் சாம்பல் நிறம் அடித்த ஒரு பாறைக்குப் பின்னால் நான் குந்தியிருந்தேன். பாறை மேல் மடித்து வைத்திருந்த கிளிப்பச்சைப் பாவாடையை எடுத்து, வேட்டி மடிப்புக்குள் செருகிக்கொண்டு ஓட வேண்டும். ஒத்திகையில் எத்தனையோ தடவை செய்ததுதான். அன்றைக்குக் கை வைத்ததும் நின்றுவிட்டேன். கொதிக்கவில்லை, சுடவில்லை. உடம்புச் சூடு. யாரோ இப்போதுதான் இடுப்பிலிருந்து அவிழ்த்துப் போட்டுவிட்டுப் போனது மாதிரி ஒரு கதகதப்பு.

அது யாரும் உடுத்தாத புதுத் துணி. அன்று காலை வரை ஒரு பனையோலைப் பெட்டிக்குள் இருந்தது. மேடை விளக்கும் அதன்மேல் விழவில்லை. திருட்டு நடக்கிற மூலை என்பதால் அதை வேண்டுமென்றே இருட்டாக விட்டிருந்தார்கள். மேற்கே மலைப்பக்கமிருந்து மாசி மாதத்துக் காற்று வந்து எல்லோரும் முழங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்த சாயங்காலம்.

நான் எதையும் லேசில் நம்புகிறவள் இல்லை. வங்கி கவுன்டரில் உட்கார்ந்து பிறர் கையெழுத்தைச் சந்தேகப்படுவதுதான் இன்று என் பிழைப்பு. இருந்தாலும் நடந்ததை நடந்தபடி எழுதுவதாகத்தான் இந்தப் பத்திரிகை ஆசிரியரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் கல்லூரி கேன்டீன் சாம்பாரைப் பற்றி எழுதியதற்கு என்னை நன்றி கெட்டவள் என்று இரண்டு வாசகிகள் திட்டியிருக்கிறார்கள். அந்தச் சாம்பாரைச் சாப்பிடாதவர்களாக இருக்க வேண்டும். இந்த வாரம் சாப்பாடு இல்லை, அதனால் பயமில்லாமல் படிக்கலாம். பயம் வேறு இடத்தில் இருக்கிறது.

மீசை வைத்தவள்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், சாலையோரத்தில் இருந்தது எங்கள் பெண்கள் கல்லூரி. எங்கே பெண்கள் மட்டும் கூடி நாடகம் போட்டாலும் அங்கே உயரமானவளுக்குத்தான் மீசை. எனக்குச் சின்ன வயதிலிருந்தே இந்த விதி. எங்கள் மாதா கோவில் கிறிஸ்துமஸ் நாடகத்தில் வருஷா வருஷம் குழந்தைகளைக் கொல்லச் சொல்லும் ராஜா நான்தான். ஒரு தடவையாவது றெக்கை வைத்த சம்மனசாக நிற்க விடுங்கள் என்று அழுதுகூடப் பார்த்தேன். "உன் ஒசரத்துக்கு றெக்கை செய்யத் துணி பத்தாது லூர்து" என்றார் உபதேசியார்.

மூன்றாம் வருஷத்தில் கல்லூரி ஆண்டு விழாவை முழுக்க நடன விழாவாக நடத்த முடிவானது. தலைப்பு, 'புராணமும் தேவதைக் கதையும்'. ஒவ்வொரு துறையும் ஒரு கதை. இயற்பியல்காரர்கள் பாற்கடலைக் கடைந்தார்கள். அவர்களுடைய பாம்பு, கல்லூரி பஸ்ஸில் கட்டும் நைலான் கயிறு. ஆங்கிலத் துறையில் ஒரு தவளை ராஜகுமாரனாக மாறியது. மாறுவதற்கு நேரமாகி, பாதித் தவளையாகவே கல்யாணம் முடிந்தது.

எங்கள் வணிகவியல் துறைக்குக் கிடைத்தது ஏழு கன்னிமார் கதை. இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வானத்திலிருந்து ஏழு கன்னிகள் மலை ஓடையில் குளிக்க இறங்குகிறார்கள். ஒருத்தன் ஒளிந்திருந்து கடைசிக் கன்னியின் உடுப்பைத் திருடிவிடுகிறான். உடுப்பு இல்லாமல் அவளால் பறக்க முடியாது. அக்காமார் ஆறு பேரும் போய்விட, அவள் அவனோடு குடும்பம் நடத்துகிறாள். ஒருநாள் தானியம் எடுக்கப் போனவள், குலுக்கைக்குள் தன் உடுப்பு இருப்பதைப் பார்க்கிறாள். எடுத்துக் கட்டிக்கொண்டு பறந்துவிடுகிறாள். அவன் கீழே நின்று கதறுகிறான்.

அந்தத் திருடன் யார் என்று சொல்லத் தேவையில்லை.

கடைசிக் கன்னியாக வந்தவள் காளீஸ்வரி, என் சிநேகிதி. மகாராஜபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். ஒல்லியாக இருப்பாள், மைதானத்தில் ஓட ஆரம்பித்தால் கண்ணுக்கு அகப்பட மாட்டாள். அவளுடைய அப்பா பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றுத் தென்னந்தோப்பு பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா, மாமா எல்லாம் போலீஸ். அவளுக்கும் அந்தக் காக்கிச் சட்டைதான் கனவு.

அளவுக்கு நிற்பவள்

விசேஷ நாட்களில் காளீஸ்வரி பாவாடை தாவணி கட்டி வருவாள். பாவாடை எப்போதும் இரண்டு விரற்கடை நீளமாக இருக்கும். ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடப்பாள்.

"ஏட்டி, நீ நடந்துட்டுப் போனா வராண்டாவக் கூட்ட வேண்டாம்போல. ஒங்க ஊர் டெய்லருக்குக் கண்ணு தெரியாதா?" என்றேன் ஒருநாள்.

"இது எங்க அக்கா அளவு" என்றாள்.

இரண்டு வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அவளுக்கு அக்கா இருப்பது எனக்குத் தெரியாது. "அக்கா எங்க இருக்கா?" என்று கேட்டேன்.

"வீட்லதான். பெட்டிக்குள்ள."

அவள் சிரிக்கவில்லை. டிபன் பாக்ஸ் மூடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

அக்கா பேர் வேணி. எட்டு வயதில் மஞ்சள் காமாலை கண்டு போய்விட்டாள். காளீஸ்வரி அவளுக்கு அடுத்தவள். கல்யாணம் ஆகாமல் இறந்த பெண் அந்த வீட்டுக்குக் கன்னித் தெய்வம். தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அவளுக்குப் புதுத்துணி, வளையல், ரிப்பன், கண்ணாடி, சீப்பு எல்லாம் ஓலைப் பெட்டியில் வைத்துக் கும்பிடுவார்கள். அது ஒரு வருஷம் பெட்டியிலேயே இருக்கும். யாரும் தொடக் கூடாது. ஆண் கை படவே கூடாது. அடுத்த தையில் வேறு புதுசு வைத்துவிட்டுப் பழையதை எடுத்து வீட்டுப் பெண்பிள்ளை உடுத்திக்கொள்வாள்.

இதுவரை நானும் கேள்விப்பட்டதுதான். காளீஸ்வரியின் அம்மா குருவம்மாள் மற்றவர்கள் செய்யாத ஒன்றைச் செய்தாள். எட்டு வயது அளவிலேயே துணி எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. பிள்ளை இருந்தால் இந்நேரம் வளர்ந்திருப்பாளே என்று நினைத்தாள். ஒவ்வொரு வருஷமும் காளீஸ்வரியை டெய்லர் கடைக்குக் கூட்டிப்போய் நிறுத்தி அளவெடுப்பாள். எடுத்து முடித்ததும், "ரெண்டு விரக்கடை கூட வைங்க. மூத்தவ ஒசரம்" என்பாள்.

சட்டையிலிருந்து தாவணிக்கு மாறியதும் அப்படித்தான். காளீஸ்வரிக்குப் பன்னிரண்டு முடியும் முன்னாலேயே வேணிக்குத் தாவணி வந்துவிட்டது.

எங்கள் வீட்டிலும் ஒரு தம்பி, நடக்கப் பழகும் முன்னே போனவன். கல்லறைத் திருநாளன்று அம்மா அவன் குழிமேட்டில் மெழுகுவத்தி ஏற்றி வைத்துவிட்டு, காற்றில் அணையாமல் கையைக் குவித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருப்பாள். எனக்கு அந்தத் துக்கம் தெரியும். ஆனால் எங்கள் தம்பி கைக்குழந்தையாகவே இருந்துவிட்டான். மகாராஜபுரத்து வீட்டில் வேணி வளர்ந்துகொண்டிருந்தாள்.

உத்தரவு

காவலர் தேர்வு எழுதி, ஓட்டம், கயிறு ஏறுதல் எல்லாம் முடித்து, அந்த வருஷம் காளீஸ்வரிக்கு ஆர்டர் வந்துவிட்டது. கடைசிப் பரீட்சை முடிந்த கையோடு பயிற்சிக்குப் போய்ச் சேர வேண்டும். வகுப்பே குதித்தது. அவள் மட்டும் குதிக்கவில்லை.

"அக்கா உத்தரவு குடுக்கலடீ" என்று அழுதாள்.

தையில் கும்பிடும்போது வேணி காளீஸ்வரி மேல்தான் வருவாள். வீட்டில் நல்லது கெட்டது எதுவானாலும் அப்போது கேட்பார்கள். கிணறு தோண்டியது, சித்தப்பா மகளுக்கு மாப்பிள்ளை முடித்தது எல்லாம் வேணி சொல்லித்தான். அந்த வருஷமும் வந்தாள். அம்மா, "இளையவ வேலைக்குப் போகட்டுமா தாயி?" என்று கேட்டிருக்கிறாள். வேணி பதில் சொல்லவில்லை. அழுதுவிட்டு, காளீஸ்வரியை விட்டு மலையேறிவிட்டாள்.

"மூத்தவ வாயத் தொறக்காம இளையவள எப்படி வாசல் தாண்ட விடுவேன்? அடுத்த தை வரைக்கும் பொறு" என்று அம்மா சொல்லிவிட்டாள். அரசாங்கம் அடுத்த தை வரை பொறுக்காது. பட்டாளத்தில் எத்தனையோ பேருக்கு உத்தரவு போட்ட அப்பாவும் இந்த ஒரு விஷயத்தில் வாயைத் திறக்க மாட்டார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒம்மேலதான வாரா? ஒரு வெள்ளிக்கிழமை பாத்து நீயே ஆடி, 'போகட்டும்'னு சொல்லிர வேண்டியதுதான! கிறுக்கச்சி, இதுக்கா அழுத?"

அவள் மெதுவாகச் சொன்னாள். "அக்கா வரும்போது எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா கடைசியில செத்த நேரம் தெளிஞ்சு வரும் பாரு, அப்ப அம்மா என் மூஞ்சியக் கையில பிடிச்சு அழுதுட்டிருக்கும். 'எம்புட்டு மெலிஞ்சிட்டடீ'ங்கும். வருசத்துல அந்த ஒரு நேரந்தான் அம்மா என்னய அப்படிப் பாக்கும். அதயும் பொய்யாக்கச் சொல்லுதியா?"

ஒன்று மட்டும் புரிந்தது. அந்த வீட்டில் உயிரோடு இருக்கிறவளை யாரும் நேராகப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் இரண்டு விரற்கடை உயரத்தில் இன்னொருத்தியைத்தான் பார்த்தார்கள்.

மலையடிவாரத்தில்

எங்களை ஆட்டிவைத்தவர் பிரேமா மிஸ். பொருளாதாரம் நடத்துகிறவர், ராஜபாளையத்துக்காரர், வீட்டில் தெலுங்கு. கோபம் வந்தால் தமிழ் அவரை விட்டு ஓடிவிடும். கன்னிமாரை நேரில் பார்த்தால்தான் ஆட்டம் வரும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை வேனில் ஏற்றி அய்யனார் கோவில் பக்கம் கூட்டிப் போனார்.

அங்கே மலையடிவாரத்தில் ஓடைக்கரையில் ஏழு கல். வரிசையாக மஞ்சள் பூசி நிற்கும். அருவிச் சத்தம் தூரத்தில் கேட்டுக்கொண்டே இருக்கும். நாங்கள் சிரித்துப் பேசிக்கொண்டு முறுக்குத் தின்றோம். காளீஸ்வரி மட்டும் கடைசிக் கல்லின் முன்னால் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாயி, ரா! எழுந்து ஒரு தடவ ஆடிக் காட்டு" என்றார் மிஸ்.

ஆடினாள். பாறைமேல், பாட்டு இல்லாமல், வெறுங்காலோடு. மிஸ் சொல்லிக்கொடுத்த அடவுகள்தான் முதலில் வந்தன. பிறகு அவர் சொல்லிக்கொடுக்காத ஒன்று வந்தது. ஒரு சின்னப் பிள்ளை நொண்டியடித்துக் கட்டம் தாண்டுகிற மாதிரி, ஒற்றைக் காலில், தலையைச் சாய்த்துக்கொண்டு. நாங்கள் கைதட்டினோம். மிஸ் தட்டவில்லை.

"ஏமி இது? இது நான் சொல்லிக் குடுக்கலையே" என்றார்.

"எது மிஸ்?" என்றாள் காளீஸ்வரி. அவள் விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தேன். இப்போதும் அப்படி நினைத்துக்கொள்ளத்தான் எனக்கு ஆசை.

ஏழாவது உடுப்பு

விழாவுக்கு முந்தின நாள் மதுரையிலிருந்து வாடகை உடுப்புகள் வந்தன. வெள்ளை ஜரிகைப் பாவாடை ஆறு இருந்தது. கடைசிக் கன்னிக்குத் தனி நிறத்தில் கேட்டது வரவில்லை. பிரேமா மிஸ் தெலுங்கில் கடைக்காரரைப் போனில் காய்ச்சி எடுத்தார். கடைசியில், "யார் வீட்லயாச்சும் பளிச்சுன்னு ஒரு பட்டுப் பாவாடை இருக்கா?" என்று எங்களிடமே கேட்டார்.

"நான் கொண்டாறேன் மிஸ்" என்றாள் காளீஸ்வரி.

மறுநாள் மத்தியானம் பாலித்தீன் பையிலிருந்து அதை எடுத்தாள். கிளிப்பச்சை, அரக்குக் கரை. தாழம்பூவும் பச்சைக் கற்பூரமும் கலந்த வாசனை. மடிப்பு கலையாத புதுசு.

"ஏட்டி, இது இந்த வருசத்துத் துணியா? பெட்டிக்குள்ள இருந்தா எடுத்த?"

"எனக்கு அளவெடுத்ததுதான."

"தொடக்கூடாதுன்னு சொன்ன? ஒங்கம்மாவுக்குத் தெரிஞ்சா?"

"அம்மா இதுக்கெல்லாம் வராது" என்றாள். பையை மடித்துக்கொண்டே அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "எத்தன வருசமா பெட்டிக்குள்ளயே கெடக்கா. அவளும் ஒரு தடவ மேடையப் பாக்கட்டும்."

கொண்டு போய் வைத்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் எனக்கு மீசை வரையக் கூப்பிட்டுவிட்டார்கள்.

குலுக்கைக்குள்ளிருந்து

திறந்தவெளி மேடை. எதிரே நாற்காலிகள், பின்னால் மலை. பொழுது சாய்ந்து மலை கறுத்துக்கொண்டு வந்த நேரத்தில் எங்கள் முறை வந்தது. தவளைக்குச் சிரித்த கூட்டம் இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

நீலத் துணியை இரண்டு பேர் பிடித்து ஆட்ட, அதுதான் ஓடை. ஏழு தலைகள் அதற்கு மேலே குளித்தன. நான் திருடினேன். முதலில் சொன்னேனே, அந்தச் சூடு. வேட்டிக்குள் செருகிக்கொண்டு ஓடும்போது அது என் வயிற்றில் பட்டுக்கொண்டே இருந்தது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடுகிற மாதிரி இருந்தது. காகிதக் குலுக்கைக்குள் அதைப் போட்டுவிட்டு வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

கல்யாணக் கட்டம் முடிந்தது. அப்போதுதான் கூட்டத்தைப் பார்த்தேன். நடு வரிசையில் காளீஸ்வரியின் அப்பா விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மெலிந்த ஒரு பெண், தோளை இழுத்துப் போர்த்திக்கொண்டு. முன்பு ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், ஆனாலும் தெரிந்தது. வரமாட்டாள் என்று காளீஸ்வரி சொன்ன குருவம்மாள் வந்திருந்தாள்.

காளீஸ்வரியிடம் சொல்ல வழியில்லை. அவள் குலுக்கையைத் திறந்துவிட்டாள். பாவாடையை எடுத்து உதறினாள். அரக்குக் கரை விளக்கில் பளிச்சென்று விரிந்தது. உடுத்தியிருந்ததற்கு மேலேயே சுற்றி, நாடாவை ஓர் இழுப்பில் கட்டிக்கொண்டு சுழல ஆரம்பித்தாள்.

நான் மண்டியிட்டு அவள் பாவாடை விளிம்பைப் பிடித்துக் கெஞ்ச வேண்டும். பிடித்தேன். என் கண் அவள் காலுக்கு நேராக இருந்தது. வேணிக்குத் தைத்த பாவாடை காளீஸ்வரிக்குத் தரையில் புரளும், அது எனக்குத் தெரியும். அன்று புரளவில்லை. கணுக்காலுக்குச் சரியாக, அளவெடுத்த மாதிரி நின்றது. அவசரத்தில் ஏற்றிக் கட்டியிருப்பாள் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அந்தக் கால் மேடையை விட்டு எழும்பி, ஒற்றைக் காலில் நொண்டியடித்து, கட்டம் தாண்டியது. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

அப்போதுதான் கூட்டத்திலிருந்து அந்தக் குரல் வந்தது.

"ஏலே! கன்னி துணியத் தொடாதல! கைய எடுல!"

யாரு?

கூட்டம் சிரித்தது. நாடகத்தில் இதுவும் ஒரு கட்டம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். குருவம்மாள் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மேடைப் படியில் கால் இடறியும் நிற்கவில்லை. நேராக வந்து என் கையில் ஓர் அடி வைத்தாள். நான் பெண்பிள்ளை என்பதே அவளுக்குத் தெரியவில்லை. என் மீசையைத்தான் பார்த்தாள்.

பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. திரையை இழுக்கச் சொல்லிப் பிரேமா மிஸ் கையை ஆட்டினார். ஓடை பிடித்த இரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். காளீஸ்வரி ஆட்டத்தை நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். உடம்பு மட்டும் லேசாக நடுங்கியது.

குருவம்மாள் அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். எனக்கு மிக அருகில். அவள் குரல் அப்படியே இறங்கிவிட்டது.

"யாரு வந்திருக்கது? யாருன்னு சொல்லு தாயி."

ஒரே ஒரு வார்த்தை போதும். 'வேணி வந்திருக்கேன், இளையவளை அனுப்பு' என்று சொன்னால் தீர்ந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், சொல்லிவிடு சொல்லிவிடு என்று மனதுக்குள் மாதாவை வேண்டிக்கொண்டேன். கன்னித் தெய்வத்திடம் பொய் சொல்ல மாதாவைத் துணைக்குக் கூப்பிட்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

காளீஸ்வரி கண்ணைத் திறந்தாள்.

"யாரும் வரலம்மா. நான்தான். காளீஸ்வரி."

"நீயா ஆடுன?"

"நான்தாம்மா ஆடுனேன்."

"அம்புட்டும் நீயா?"

"அம்புட்டும் நான்தான்."

குருவம்மாள் அவளைப் பார்த்தாள். நெற்றியை, மூக்கை, கழுத்தில் ஓடிய வேர்வையை, புதிதாக ஒரு ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். கையால் அவள் தலைக்கு மேலே தடவி உயரம் பார்த்தாள். பிறகு அப்படியே மேடையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எம்பிள்ள இம்புட்டு நல்லா ஆடுமா? எனக்குத் தெரியாமப் போச்சே" என்று அழுதாள்.

திரை அப்போதுதான் வந்து மூடியது. வெளியே கைதட்டல் மழை. திரைக்குள் வைத்துத்தான் அவள் அதைச் சொன்னாள். அவசரமாக, மனம் மாறுவதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்பது மாதிரி.

"யார்ட்டயும் கேக்க வேண்டாம். நான் சொல்லுதேன். வேலைக்குப் போயிட்டு வா தாயி."

சுபேதார் மேடைக்குப் பின்பக்கம் வந்து நின்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டவர், என்னைப் பார்த்து, "தம்பி, அடி பலமா பட்டுட்டா?" என்றார்.

அந்த நொண்டியாட்டத்தைப் பற்றி வெகு நாள் கழித்து காளீஸ்வரியிடம் கேட்டேன். "எந்த ஆட்டம்?" என்றாள்.

ஜவுளிக்கடையில்

அடுத்த தை மாதம் காளீஸ்வரி பயிற்சிப் பள்ளியிலிருந்து போன் செய்தாள். அம்மா ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் துணி எடுக்க வருகிறது, கூட யாரும் இல்லை, நீ போகிறாயா என்று கேட்டாள். சரி என்று சொல்லிவிட்டேன். அளவுக்கு நிற்கிறவள் ஊரில் இல்லை. எங்கே என்னை நிறுத்திவிடுவாளோ என்று பயம். நின்றால் அந்தப் பிள்ளை அடுத்து என் தோளில் ஏறிக்கொள்ளுமோ என்றும் நினைத்தேன். கிறிஸ்தவப் பெண் நினைக்கிற நினைப்பா இது என்று என்னையே திட்டிக்கொண்டு போனேன்.

குருவம்மாள் கோவில் தேர் நிற்கும் தேர்முட்டிப் பக்கம் எனக்காக நின்றிருந்தாள். மீசை இல்லாமல் என்னை அடையாளம் தெரிய நேரமானது. தெரிந்ததும் என் கையைப் பிடித்துப் பார்த்தாள், அன்று அடி வாங்கிய கையை.

கடைக்காரப் பெண் தாவணிச் செட்டாக எடுத்துப் போட்டாள். குருவம்மாள் எதையும் தொடவில்லை.

"தாவணி வேண்டாம். பாவாடை சட்டை எடுங்க. எட்டு வயசுப் பிள்ளைக்கு" என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

கடைக்காரப் பெண் சின்ன அளவுகளைப் பரப்பினாள். மஞ்சளில் சிவப்புக் கரை போட்ட ஒன்றைக் குருவம்மாள் எடுத்தாள்.

"பிள்ள வந்திருக்கா? வச்சுப் பாத்தா சரியா இருக்கும்" என்றாள் கடைக்காரப் பெண்.

"வந்திருக்கா."

குருவம்மாள் குனிந்தாள். பாவாடையின் இடுப்புப் பட்டையை இரண்டு கையாலும் பிடித்து, எனக்கும் அவளுக்கும் நடுவில், ஓர் எட்டு வயதுப் பிள்ளையின் இடுப்பு இருக்கும் உயரத்தில் வைத்தாள். விளிம்பு தரையில் படுகிறதா என்று சாய்ந்து பார்த்தாள். பட்டையை ஒரு பக்கம் கொஞ்சம் ஏற்றிச் சரிசெய்தாள். கடைக்காரப் பெண் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

"சரியாத்தான் இருக்கு. கொஞ்சம் திரும்பு தாயி, பின்னாடி பாப்போம்" என்றாள் குருவம்மாள்.

பிள்ளை திரும்ப இடம் வேண்டுமே என்று நான் ஓர் அடி தள்ளி நின்றேன்.